சம்பங்கிக் கிழங்கு

நர்சரியில் துளசித் தொட்டியைத் தூக்கி, அடியில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று கோமளம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. செடிகள் போகப்போவது அவள் வீட்டுக்கு இல்லை. அடுத்த மாதம் ஸ்னேஹா ரித்விக்கைக் கல்யாணம் செய்துகொண்டு எலஹங்கா பக்கம் குடிபோகப்போகிற வீட்டுக்கு. ஸ்னேஹா, கோமளத்தின் ஒரே பிள்ளை ஸ்ரீஹர்ஷாவின் மனைவியாக இருந்தவள். ஹர்ஷா ஆபீஸில் மயங்கி விழுந்தவன் எழுந்திருக்கவேயில்லை. அதற்கப்புறம் அந்தப் பெண்ணை யாரென்று சொல்வது என்று கோமளத்துக்குத் தெரியவில்லை. அவள் மட்டும் மாறாமல் “அத்தே” என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னடக்காரப் பெண், இந்த வீட்டுக்கு வந்துதான் தமிழ் பேசவே கற்றுக்கொண்டாள்.

“செடி வாங்கணும். நீங்க வரலேன்னா எனக்கு என்ன தெரியும் அத்தே?” என்று ஃபோனில் கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் தெரிந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கோமளத்துக்குப் பெரிய மனசு என்று முடிவுகட்டியிருந்தார்கள். பெரிய மனசுக்காரி என்று பேர் வாங்கிவிட்டால் அப்புறம் வயிற்றெரிச்சலைக்கூட நிம்மதியாகப் பட முடியாது.

“வெயில் எந்தப் பக்கம் வரும்?”

“காலையில வாசல்ல நல்லா வரும் அத்தே. மத்யானம் பக்கத்து பில்டிங் நிழல்.”

“அப்போ நந்தியாவட்டையை மதில் ஓரமா வை. கறிவேப்பிலையைத் தொட்டியில வெச்சுக் கொல்லாதே, தரையில வை. கற்பூரவல்லி எங்க வெச்சாலும் வரும். அதுக்கு மானம் ரோஷம் ஒண்ணும் கிடையாது.” தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஏன், அங்கேயும் ஒரு அத்தே இருக்காளே, அவாளுக்குத் தெரியாதா இதெல்லாம்?” என்றாள்.

“அவங்களுக்கு பிளாஸ்டிக் செடிதான் இஷ்டம். தண்ணி ஊத்த வேண்டாமாம்.”

இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். சிரித்தது கோமளத்துக்குப் பிடிக்கவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

“அப்புறம்… ஒரு சம்பிகே வேணும் அத்தே.”

செண்பகத்துக்குக் கன்னடத்தில் சம்பிகே. வேலையிலிருந்து திரும்பும்போது ஹர்ஷா எட்டாவது கிராஸ் பூக்காரியிடம் ஒரே ஒரு சம்பிகே வாங்கி, நசுங்காமலிருக்க டிபன் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு வருவான். டப்பாவைக் கழுவத் திறந்தால் தயிர்சாத வாடையோடு அந்த மணமும் வரும். பூ போய்ச் சேர்கிற இடம் ஸ்னேஹாவின் தலை, டப்பாதான் அம்மாவுக்கு. “சொந்த வீடு கட்டினா மொதல்ல சம்பிகேதான். வாசக்கதவெல்லாம் அப்புறம்” என்பான்.

“அவர் ஆசைப்பட்டது. எங்கேயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்” என்றாள் ஸ்னேஹா. அதற்குள் அவள் ஃபோன் அடித்தது. ரித்விக்தான். எடுத்துப் பேசிக்கொண்டே நிழல்வலைக்கு வெளியே போனாள். போகப் போக அவள் குரல் இளகுவது கேட்டது.

செண்பகக் கன்று கோமளத்தின் தோள் உயரம் இருந்தது. நுனியில் பளபளவென்று புதுத் தளிர். அது அந்தப் புது வீட்டு மாடியைத் தாண்டி வளர்ந்து நிற்பதைப் பார்த்தாள். அதன் அடியில் விழுந்த பூவை ரித்விக் குனிந்து எடுப்பதையும், யாருடைய ஆசை அது என்றே தெரியாத குழந்தைகள் அங்கே ஓடுவதையும் பார்த்தாள். பிள்ளை போனான், அவன் பெண்டாட்டியும் போகிறாள். மரமுமா?

நர்சரிக்காரர் சின்னப்பா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். “அந்தம்மா கடைசியா இன்னா கேட்டாங்க?”

“சம்பங்கி.”

“கெழங்கா? சம்பிகேன்னு காதுல வுழுந்துச்சேம்மா.”

“அவ கன்னடத்துல அப்படித்தான் சொல்லுவா. தமிழ்ல சம்பங்கி.”

சின்னப்பா செண்பகக் கன்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “சொல்றது நீங்க. நமக்கின்னா” என்று உள்ளே போய்க் காகிதப் பையில் கிழங்குகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்.

தொட்டிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றியபோது ஸ்னேஹா பையைப் பிரித்தாள். மண்ணோடு, சின்ன வெங்காயம் போல முடிச்சு முடிச்சாகக் கிழங்குகள்.

“சம்பங்கி கேட்டியே” என்றாள் கோமளம்.

ஸ்னேஹா நிமிர்ந்து பார்த்தாள். அதிக நேரம் பார்த்தாள். பிறகு பையின் வாயை மெதுவாக மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

“ஆமா அத்தே. கேட்டேன்.”

வீட்டில் சீனிவாசராகவன் பேப்பரிலிருந்து தலையெடுக்காமல் மனைவியிடம் கேட்டார். “என்ன வாங்கித்து அந்தப் பொண்ணு?”

“துளசி, நந்தியாவட்டை. சம்பிகே கேட்டா. சம்பங்கிக் கிழங்கு வாங்கிக் குடுத்தேன். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டேன்.”

பேப்பர் இறங்கியது. கல்யாணமாகி வந்த நாள் முதல் கோமளம் காய்கறியும் பூவும் வாங்குவது, இரண்டு தெரு தள்ளி இருக்கும் சம்பிகே ரோட்டில். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். “காப்பிப்பொடி தீந்துபோச்சுன்னியே. சம்பங்கி ரோட்டுக்குப் போய் வாங்கிண்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஐப்பசியில் ஹர்ஷாவின் பிறந்தநாளன்று ஸ்னேஹா வந்தாள். கழுத்தில் புதுச் சங்கிலி. கையில் வாழையிலைப் பொட்டலம். பிரித்தால் அவளே தொடுத்த சம்பங்கி மாலை. நெருக்கமில்லாமல், அங்கங்கே நார் தெரிந்தது.

“நீங்க குடுத்த கிழங்கு அத்தே. எல்லாமே பூத்துது.”

“நன்னா வந்திருக்கு.”

“மொத பூ இவருக்குன்னு வெச்சிருந்தேன்.” படத்துக்கு மாலையைப் போட்டுவிட்டு, கோணலைச் சரிசெய்தபடி, திரும்பாமலே சொன்னாள். “சம்பிகேயை அப்புறமா ரித்விக் வாங்கிட்டு வந்து வெச்சார். ‘உனக்குப் பிடிக்குமே’ன்னு. கேட் பக்கத்துல. ரெண்டு புது இலை விட்டிருக்கு.”

சீனிவாசராகவன் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கப் போனார். கோமளம் காபி கலக்கவென்று எழுந்தவள் அப்படியே நின்றாள். வாடாமலிருக்க மாலையில் தெளித்திருந்த தண்ணீர் ஒரு நாரின் வழியே இறங்கி, சட்டத்துக் கண்ணாடியில் விழுந்து, ஹர்ஷாவின் நெற்றியிலிருந்து வாய்வரை ஒரு கோடாக ஓடியது. துடைக்கக் கை வந்தது. மாலையைத் தொடாமல் துடைக்க வழியில்லை.