பாதி விலை ஈ-ரீடர்

கலையரசிக்குக் கதைப் புத்தகம் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் பாருங்கள் கண்ணுகளா, வருஷக்கணக்காகத் தறியில் உட்கார்ந்து பட்டு இழையையே உற்றுப் பார்த்த கண் அது. பொடி எழுத்து கலங்க ஆரம்பித்துவிட்டது. போனில் படித்தால் கண்ணீர் கொட்டும். படிப்பே நின்றுபோய்விடுமோ என்று அவளுக்கு உள்ளூர ஒரு நடுக்கம். ஈ-ரீடர் என்று ஒன்று இருக்கிறது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், கண் கூசாது என்று கேள்விப்பட்டதிலிருந்து அதே நினைப்பு.

பிள்ளையார்பாளையத்தில் அவள் பக்கத்து வீட்டுத் துர்காவுக்கும் கதைப் பைத்தியம்தான். இருவரும் ஆளுக்கொன்று வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டு, பேருந்து நிலையத்துப் பக்கம் விமல்ராஜ் கடைக்குப் போனார்கள். அவன் இரண்டை எடுத்து வைத்தான். கறுப்பு ஒரு கம்பெனி, சாம்பல் இன்னொரு கம்பெனி. சாம்பலின் விலையில் பாதிதான் கறுப்பு.

"முன்னாடி ரெண்டும் ஒரே விலைதான்கா. கறுப்புக்காரன் குறைச்சான். சாம்பல்காரனும் கொஞ்சம் இறங்கினான். இவன் மறுபடியும் குறைச்சான். அவனால முடியல."

கலையரசி கறுப்பைக் கையில் வாங்கி, ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"அக்கா! கீறாதீங்க!"

"இவ்ளோ கம்மின்னா எங்கியோ போலி இருக்குதுப்பா. அசல் சரிகைய சுரண்டினா உள்ள சிவப்புப் பட்டு தெரியணும். இதுல எதைப் பார்க்கறது?"

"இதுல சிவப்பு தெரிஞ்சா ஷாக்குதான் அடிக்கும்" என்று துர்கா சிரித்தாள்.

கலையரசி பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். எழுத்து அச்சடித்த மாதிரி நின்றது. நயமான சரக்கு. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

"நல்ல சரக்க எவன்பா பாதி விலைக்குக் குடுப்பான்? அவன் இன்னா சாமியாரா?"

விமல்ராஜ் பொய் சொல்லத் தெரியாதவன். "மெஷின்ல அவனுக்கு நஷ்டம்தான்கா. புஸ்தகத்துல எடுத்துடுவான். இதுல அவன் கடைப் புஸ்தகம்தான் ஏறும். சாம்பல்ல எங்க வாங்கினாலும் ஏறும், சும்மா கிடைக்கறதும் ஏறும்."

கலையரசி கறுப்பைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணமான புதிதில் ஒரு முதலாளி அவள் வீட்டில் தறி போட்டுக் கொடுத்தார். பைசா கேட்கவில்லை. பாவு நூல் அவரிடம்தான் வாங்க வேண்டும், புடவை அவருக்குத்தான் நெய்ய வேண்டும், அவ்வளவுதான். தெருவில் இன்னொரு முதலாளி இருந்தவரைக்கும் கூலி ஒழுங்காக வந்தது. அந்த இன்னொருவர் தொழிலை விட்டுப் போனார். அப்புறம் இவர் சொன்னதுதான் கூலி. அந்தத் தறியிலிருந்து எழுந்து வெளியே வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"விமலு, சாம்பல்காரன் கடைய மூடிட்டா கறுப்புக்காரன் புஸ்தகத்துக்கு இன்னா விலை சொல்லுவான்?"

"அது... அவன் சொல்றதுதான்கா."

கலையரசி திரும்பினாள். "துர்கா, உன் காசும் என் காசும் சேர்த்தா சாம்பல் ஒண்ணு வரும்."

"ஒண்ணா? போக்கா. எனக்குத் தனியா வேணும். பேய்க் கதைய போர்வைக்குள்ள பூந்துக்கினு படிக்கணும்."

"ரெண்டு பேரும் ஒரே ஆளுகிட்ட மாட்டிக்கினா, யாரை யாருடி வெளிய இழுக்கறது?"

துர்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் பணத்தை எடுத்தாள்.

காலையில் துர்கா, மத்தியானத்துக்கு மேல் கலையரசி என்று பேச்சு. மறுநாள் மத்தியானம் கலையரசி தன் சொந்தத் தறியை விட்டு எழுந்து போனால், துர்கா வாசப்படியில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"கொஞ்சம் இருக்கா, இந்த அத்தியாயம் முடியட்டும்."

அது முடிந்தது. அடுத்ததும் பாதி போனது. கலையரசிக்குக் கை துறுதுறுத்தது, பறித்திருப்பாள். இதற்காகவா அந்தக் கறுப்பை வேண்டாமென்று வந்தோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"சத்தமாவாவது படிச்சுத் தொலையேன்டி."

துர்கா படித்தாள். பாதி வார்த்தையை விழுங்கி, சிரிப்பு வரும் இடத்துக்கு முன்னாடியே சிரித்து, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி.

"நில்லு. அந்த வரிய மறுபடியும் படி."

"அய்ய! இப்படி நின்னா என்னிக்குக்கா முடியறது? இந்தா, நீயே படி. எனக்குத் தொண்டை காஞ்சுபோச்சு."

கலையரசி வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டாள். அந்த வரியிலிருந்தே ஆரம்பித்து, தன் வேகத்துக்கு, பிடித்த இடத்தில் நின்று நின்று வாய்விட்டுப் படித்தாள். எழுந்து போவாள் என்று பார்த்தால், துர்கா பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, "சீக்கிரம் போக்கா, சீக்கிரம்" என்று அவள் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.