ஸ்ட்ராத்மோய் குழுவின் பூட்ஸ்

ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட குட்டைப் பாவாடையான கில்ட் கட்டிய மனிதனுக்கு முழங்கால் தெரியலாம், தெரியத்தான் வேண்டும். காலுறை கணுக்காலில் சுருண்டு கிடப்பது மட்டும் தெரியவே கூடாது என்பது மர்டோ மெக்கிரேயின் கொள்கை. காற்றுப் பையை அணைத்து ஊதும் பைப்பும் மேளமுமாக வாசிக்கிற ஸ்ட்ராத்மோய் ஊரின் பைப் குழுவுக்கு அவர்தான் தலைவர். பட்டாளத்தில் லாரி ஓட்டியதோடு சரி என்றாலும், ஊரே அவரை மேஜர் என்றுதான் கூப்பிட்டது. ஒத்திகைக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, கம்பளிக் காலுறை முழங்காலுக்குக் கீழே ஒழுங்காக மடிந்திருக்கிறதா, மடிப்புக்கு அடியில் சிவப்பு நாடா நேராகத் தொங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். கீழே கறுப்புத் தோல் ஷூ. அதில் வேறு பேச்சே கிடையாது.

பேச்சு வந்தது பக்கத்துப் பள்ளத்தாக்குக் குழுவால். போன கோடையில் அவர்கள் முரட்டு பூட்ஸும் அதன்மேல் சுருட்டித் தள்ளிய காலுறையுமாக ஏரிக்கரை ஹோட்டலில் வாசித்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் அவர்களோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். அதுவரை அந்த ஹோட்டலில் வாசித்தது ஸ்ட்ராத்மோய் குழு.

"நாமளும் மாறணும் மேஜர்," என்றாள் ஷீனா. கால்நடை மருத்துவரிடம் வேலை பார்ப்பவள். குழுவில் சிறு மேளம் அடிப்பாள். "அவங்களைப் பார்த்தா மலையில இருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கு. நம்மளைப் பார்த்தா பேங்க்ல இருந்து வந்த மாதிரி இருக்கு."

"அவங்க மினி பஸ்ல இருந்துதான் இறங்கினாங்க. நான் பார்த்தேன்."

"கால்ல பூட்ஸ் நல்லா இருந்ததா இல்லையா?"

"பூட்ஸ் நல்லாத்தான் இருந்தது. காலுறைதான் செத்த விலாங்கு மாதிரி கிடந்தது."

பெரிய மேளம் அடிக்கும் கறிக்கடை டூகல் குறுக்கே வந்தார். "யோவ் மேஜர், போட்டுத்தான் பார்ப்போமே. பிடிக்கலேன்னா கழட்டிடலாம். பூட்ஸைக் கல்யாணமா பண்ணிக்கப் போறோம்?"

அடுத்த ஒத்திகையில் கூடத்தில் பைப்பைவிட பூட்ஸ் அதிகமாக இருந்தது. ஷீனா தன் அண்ணனின் பட்டாள பூட்ஸைக் கொண்டுவந்திருந்தாள். அது பாதிக் கெண்டைக்கால்வரை ஏறிவிட்டதால் காலுறைக்கு இடமே இல்லை. ஒரு சாண் கம்பளி மூச்சுத் திணறித் தெரிந்தது. டூகல் கடை கழுவும்போது போடுகிற ரப்பர் பூட்ஸில் வந்தார். கில்ட் உடையின் வழக்கப்படி காலுறையில் செருகியிருந்த சிறு கத்தி நழுவி பூட்ஸுக்குள் இறங்க, அவர் ஒற்றைக் காலில் கூடத்தைச் சுற்றினார். இன்னொருவர் ஆரஞ்சு நாடா போட்ட மலையேறும் பூட்ஸுக்கு மேலே வெள்ளைக் காலுறை மாட்டியிருந்தார்.

"வாத்து வந்திருக்கு," என்றார் மர்டோ. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று, மனதுக்குள் நன்றாகவே ரசித்துக்கொண்டிருந்தார். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அந்தப் பச்சைக் காலுறைக்குக் கறுப்பு ஆகாது. பழுப்பு வேணும். கம்பளி தடிச்சதா இருக்கணும், மெல்லிசா இருந்தா பூட்ஸ் காலையே முழுங்கிடும்."

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது தன் வாய்தானா என்று மர்டோவுக்கே சந்தேகமாக இருந்தது. மறுவாரம் அவரே ஒரு பழுப்பு பூட்ஸ் வாங்கி வந்தார், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் என்று சொல்லி.

அதோடு குளிர்காலம் போயிற்று. மடிப்பு ஒன்றா இரண்டா, நாடா சிவப்பா பச்சையா, பூட்ஸ் கணுக்காலோடு நிற்பதா கொஞ்சம் ஏறுவதா என்று ஒவ்வொரு வாரமும் வாக்கெடுத்தார்கள். தோற்றவர்கள் மறுவாரம் மறுபடி கேட்டார்கள்.

"பைப்பைக் கையில எடுத்து எத்தனை நாளாச்சு உனக்கு?" என்று கேட்டாள் மர்டோவின் மனைவி எஃபி. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"முதல்ல கால் முடிவாகட்டும்."

"என் சூப்புல நூல் விழுது மர்டோ. அது முதல்ல முடிவாகட்டும்."

கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. பச்சைக் காலுறை மர்டோ சொன்னபடி முழங்கால்வரை ஏறி மடியும். பழுப்பு பூட்ஸின் வாயில் ஷீனா சொன்னபடி இன்னொரு குட்டைக் காலுறை சுருண்டு உட்காரும். இரண்டு கட்சியும் ஜெயித்தது. கால் மட்டும் வெந்தது.

ஜூலை மாத விளையாட்டு விழாவில் ஸ்ட்ராத்மோய் குழு மைதானத்தில் இறங்கியதும் கூட்டம் கை தட்டியது. அவ்வளவு அழகு. பிறகு வாசிக்க ஆரம்பித்தார்கள். இரண்டாவது மெட்டுக்குப் பாதிப் பேர் தாவினார்கள், மீதிப் பேர் முதல் மெட்டிலேயே நின்றார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக டூகல் மூன்றாவதாக ஒன்றை அடித்தார். நடுவர்களில் ஒருவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வாசிப்பில் கடைசி இடம். உடையில் முதல் பரிசு. கோப்பையை வாங்கிக்கொண்ட மர்டோவின் காது சிவந்திருந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்குத் தலைவர் வந்து கை குலுக்கி, அந்தக் குட்டைக் காலுறை எங்கே வாங்கினீர்கள் என்று அக்கறையாகக் கேட்டார்.

அடுத்த வாரம் ஏரிக்கரை ஹோட்டலிலிருந்து போன் வந்தது. மேலாளர் தேன் ஒழுகப் பேசினார். "சனிக்கிழமை ஒரு கல்யாணம், மிஸ்டர் மெக்கிரே. உங்க குழுவேதான் வேணுமாம்."

"சந்தோஷம். என்ன பாட்டு வேணும்?"

"பாட்டெல்லாம் சிரமப்படாதீங்க. பைப் கையில இருந்தாப் போதும். வாசல்ல ரெண்டு பக்கமும் நின்னா படத்துக்கு நல்லா இருக்கும்."

மர்டோ இதை அப்படியே குழுவிடம் சொன்னார்.

"நான் மேளம் அடிக்கிறவ. பூந்தொட்டி இல்ல," என்றாள் ஷீனா.

"சாப்பாடு உண்டா?" என்றார் டூகல்.

"முதல்ல வாசல்ல கால் வைப்போம்," என்றார் மர்டோ. "பொண்ணு இறங்கினதும் நான் ஊதுவேன். யார் தடுப்பாங்கன்னு பார்ப்போம்."

சனிக்கிழமை ஷீனாவும் வந்தாள், பூட்ஸைப் பளபளவென்று தேய்த்து. கார் வந்தது. மணப்பெண் இறங்கினாள். மர்டோ பையை அக்குளில் அணைத்து, மூச்சை நிரப்பிக் குழலை வாயில் வைத்தார். படம் பிடிப்பவள் கையை உயர்த்தினாள்.

"ஐயா, கன்னம் உப்பினா முகம் கெட்டுப்போகுது. அதை இறக்கிடுங்க. அப்படியே அந்த இடது காலைக் கொஞ்சம் முன்னாடி வைங்க, பூட்ஸ் தெரியட்டும்."

மர்டோ ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு குழலை வாயிலிருந்து எடுத்தார். இடது காலை முன்னால் வைத்தார். பின்னால் நின்றவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் அதே நொடியில் இடது காலை முன்னால் வைத்தார்கள். குழு அந்த வருஷம் ஒரே தாளத்தில் செய்த முதல் காரியம் அதுதான்.