தையல்காரியின் இரண்டாவது பாதை

எதிர்வீட்டுத் தையல்காரிக்கு அடிக்கடி படபடப்பு வருவது தெரு முழுக்கத் தெரியும், நான்தான் சொன்னேன். ஆனால் அது வரும்போது அவள் முகத்தில் ஏன் ஒரு வெட்கம் ஓடுகிறது என்பதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

"அவர் வர்றார்க்கா."

அவர் என்றால் செத்துப்போன புருஷன். அவரும் தையல்காரர்தான். துணி கொடுக்க வேண்டிய நாளில் மிஷினைப் பேய் மாதிரி மிதிப்பார். இப்போது அந்த வேகத்தில் இவள் நெஞ்சு ஓடும். காலும் கூடவே மிதிக்கும். போதும் என்று தோன்றினால் மூக்கைப் பிடித்துத் தம் கட்டி முக்குவாள். டக்கென்று நிற்கும். "கிளம்பிட்டார்" என்பாள், பஸ் ஏற்றிவிட்டு வந்தவள் போல.

ஒருநாள் முக்கியும் நிற்கவில்லை. மயங்கி மிஷின்மேல் கவிழ்ந்தாள், புருவம் கிழிந்தது. மகள் இதய டாக்டரிடம் இழுத்துப் போனாள். துணைக்கு நான், யாரும் கூப்பிடாமலே.

டாக்டர் காகிதத்தில் இரண்டு கோடு போட்டார். "இதயத்துல கரண்ட் இறங்க பெரும்பாலும் ஒரு பாதைதான். உங்களுக்கு ரெண்டு. ஒண்ணுல இறங்கி இன்னொண்ணுல ஏறி, சுத்திச் சுத்தி ஓடுது. ஒரு பாதைக்குச் சூடு வச்சு அடைச்சிட்டா சரியாயிடும்."

"அடைக்கிறப்ப அவர் உள்ள இருந்தா? எப்படி வெளிய வருவார்?"

"கரண்டுக்கு ஏதும்மா வீடும் வாசலும்?" என்று சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. "அப்பாவைத் தூக்கிக் கொடுத்தாச்சு. உன்னையும் கொடுக்கச் சொல்றியாம்மா?" அதற்கு மேல் இவளால் மறுக்க முடியவில்லை.

முடித்துவிட்டு டாக்டர் பெருமையாக வந்தார். "நாங்களே படபடப்பை வரவழைச்சு, அது ஓடும்போதே அடைச்சோம். ஒரே சூடு, நின்னுடுச்சு!"

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டேன். "முன்னாடியே முக்கி அனுப்பியிருக்கலாம்ல?"

"அசையக் கூடாதுன்னுட்டாங்கக்கா."

"அதான் நின்னுடுச்சுங்கிறாரே. ஈசிஜி மெஷின்லயும் நல்லாத்தானே காட்டுச்சு?"

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். வேலைவெட்டி இல்லாதவன் நடை மாதிரி நிதானம்.

"இதையும் பாருங்க" என்றாள், மகள் காதில் விழாமல்.

இடது மணிக்கட்டில் யாரோ தைத்துக்கொண்டிருந்தார்கள். தடதடவென்று, மூச்சுவிடாமல்.

"வழி தேடறார்க்கா. இப்ப எவ்வளவு முக்கினாலும் போக மாட்டேங்கறார்."

விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். சட்டென்று நின்றது. அடங்கிப் போன நிற்பு இல்லை. கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்கிறவர், வெளியே ஆள் வந்துவிட்டது தெரிந்து மூச்சை அடக்குவாரே, அந்த நிற்பு. அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தத் தெருவில் கிடையாது.