டிரம்பாவன் கிணற்றில் பால்

1985 மே 4, சனி. நேற்று கிணற்றிலிருந்து இறைத்த பால் முப்பது கேலன் என்று எழுதியது தவறு. வாளியின் அளவுக்கோடு தேய்ந்திருக்கிறது. முப்பத்திரண்டு.

அட்ராக்டா இப்படித்தான் எழுதினாள். அயர்லாந்தின் டிரம்பாவன் கிராமத்தில் அவள் அப்பா ஜேம்ஸியின் பதினோரு பசுக்களையும் கறப்பவள் அவள்தான். செவ்வாய்தோறும் மாலை வகுப்பில் பண்ணை நாட்குறிப்பு எழுதப் பழகிவந்தாள். மே முதல் தேதி விடிந்தபோது கிணற்றில் தண்ணீருக்குப் பதில் பால் கிடந்தது, வெதுவெதுப்பாக, ஆடை கட்டி. மூன்று நாள் அளந்த பிறகே தன் கண்ணை நம்பினாள்.

அயர்லாந்து ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்த பின் பத்து வருடம் பாலுக்கு நல்ல விலை. எல்லோரும் மாடு சேர்த்தார்கள். விற்காத வெண்ணெய் குளிர்கிடங்குகளில் மலையாகக் குவிந்தது. கடையில் மட்டும் விலை இறங்கவில்லை. மாடு வைத்திருப்பவர் வீட்டு ரொட்டியிலேயே வெண்ணெய்க்குப் பதில் மலிவான மார்கரின் ஏறியது. போன வருடம் அந்தச் சந்தையின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் ஒவ்வொரு பண்ணைக்கும் இவ்வளவுதான் பால் என்று வரம்பு கட்டியது. தாண்டினால் அபராதம். ஜேம்ஸி ஏற்கெனவே விளிம்பில் நின்றார். கிணற்றுப் பாலும் அவர் பெயரில் ஏறினால் ஆறு பசுக்களை விற்க வேண்டியதுதான்.

மே விடியலில் கிணற்றைக் காவல் காப்பது அந்த ஊர் வழக்கம். அன்றைய முதல் தண்ணீரை வழித்தெடுப்பவரோடு அந்த வீட்டின் பால் அதிர்ஷ்டமும் போய்விடும். இந்த வருடம் ஜேம்ஸி காவலுக்குப் போகாமல் தூங்கிவிட்டார். "எடுத்துட்டுப் போகட்டுமேம்மா, வரம்புக்குக் கொஞ்சம் குறைஞ்சா நமக்கு நல்லதுதானே?" என்றார். யாராவது தங்கள் அதிர்ஷ்டத்தைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அட்ராக்டாவின் சந்தேகம் பக்கத்துப் பண்ணை ஓனி மேல். வரம்பை அதிகம் மீறியவன் அவன். கிணற்றடிச் சேற்றில் ஆணியடித்த பூட்ஸ் தடம். ஆனால் தடம் அப்பாவுடையதாகவும் இருக்கலாம் என்பதால் எழுதியதை அடித்துவிட்டாள். பால் நிலையத்தில் ஓனியே முந்திக்கொண்டான். "என்ன ஜேம்ஸி, மிச்சப் பாலைக் கிணத்துல ஒளிச்சு வைக்கிறியாமே? கிணத்துக்கும் பசு மாதிரி காதுல நம்பர் குத்தியாச்சா?" வரிசையே சிரித்தது. யார் புகார் எழுதிப் போட்டார்களோ, திங்கட்கிழமை பால் வரம்பு அதிகாரி வந்தார்.

அவர் குடித்துப் பார்த்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். படிவத்தில் பால் என்று எழுதினால் எந்தப் பசு என்று காது எண்ணையும் எழுத வேண்டும். கிணற்றை இருமுறை சுற்றி வந்தார். "நம்பர் இல்லேன்னா பால் இல்லைங்க. தண்ணிதான்" என்று கையெழுத்திட்டுப் போனார். ஆறு பசுக்களும் தொழுவத்தில் நிலைத்தன. வெண்ணெய் விலை தாளாத டவுன்காரர்கள் கேனோடு தண்ணீர் வாங்க வரத் தொடங்கினார்கள்.

ஜூனில் ஓனியின் பதினான்கு பசுக்களும் வற்றின. தன் பாலில் கொஞ்சம் குறைக்கப் போனவன் அதிர்ஷ்டம் மொத்தத்தையும் ஜேம்ஸி கிணற்றில் ஊற்றிவிட்டான் என்றது ஊர், அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் தகர வாளியோடு வாசலில் நின்றான்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"ஏன், உங்க கிணத்துல தண்ணி இல்லியா?" என்றாள் அட்ராக்டா.

"இருக்கு. அது வெறும் தண்ணி."

அவன் பூட்ஸைப் பார்த்தாள். ஆணியடித்ததுதான். அந்த ஊரில் பாதிப் பேர் பூட்ஸும் அப்படித்தான். வாளியை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள்.

அன்று எழுதினாள்: ஓனி மேல் சந்தேகம் தீரவில்லை. நாளை: அவன் வீட்டுக்கு ஆறு கேலன் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். ஆடை எடுக்காமல்.