பதினொரு நிமிட வீடியோவும் முப்பது பந்தும்

என் மகன் நிரோஜன் பந்தை மணிக்கு நூற்று முப்பத்தெட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் எறிவான். வயது பதினாறு. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை என்றால் அது பச்சைப் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

முதலில் அவனைக் கிரிக்கெட்டுக்குத்தான் விட்டோம். வேறெதற்கு விடுவோம்? எங்கள் ஆட்களுக்கு வேறு விளையாட்டுத் தெரியுமா? பதின்மூன்று வயதில் ஒரு போட்டியில், கையை மடக்கி எறிகிறான் என்று நடுவர் ஒரே ஓவரில் மூன்று தடவை நோ-போல் கொடுத்தார். என் கணவர் ஸ்ரீகாந்தன் ஊரில் பள்ளிக்கூட அணிக்கு விக்கெட் காத்தவர். அவருக்கு அது மானப் பிரச்சினை. மெல்பேர்னில், நோபல் பார்க் வீட்டுக்கு வந்ததும், அவனுடைய கிரிக்கெட் பையைத் தூக்கிக் கராஜுக்குள் போட்டார். அடுத்த கிழமை பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் இவனைப் பேஸ்போலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கையை மடக்கித்தான் எறிய வேண்டுமாம். எறிந்தான். எறிந்துகொண்டே இருக்கிறான்.

போன டிசம்பரில் அவனுடைய பயிற்சியாளர், ஒரு ஸ்கவுட் மெல்பேர்னுக்கு வருகிறார் என்றார். ஸ்கவுட் என்றால் காக்கிக் காற்சட்டை போட்ட சாரணர் இல்லை. அமெரிக்கத் தொழில்முறைக் கழகங்களுக்காகத் திறமையான பிள்ளைகளைத் தேடித் திரிகிறவர். பதினாறு, பதினேழு வயதில் அவருடைய கண்ணில் பட்டால் பிள்ளைக்கு ஒப்பந்தம் கிடைக்கலாம். படாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டோடு சரி. ஜனவரியில் லாவர்ட்டன் மைதானத்தில் இரண்டு நாள் தேர்வு. சனிக்கிழமை அழைத்த பிள்ளைகள் எல்லோரும் எறிவார்கள். அதில் பிடித்தவர்களை மட்டும் ஞாயிறும் வரச் சொல்வார்கள். அழைப்பு வர வேண்டுமென்றால் முதலில் வீடியோ அனுப்ப வேண்டும்.

“அம்மா, போன்ல எடுத்தாக் காணும்,” என்றான் நிரோஜன். “பின்னாலை இருந்து ஒண்டு, பக்கத்தாலை ஒண்டு. கோச் சொன்னவர்.”

“போனிலயோ? உனக்கென்ன விசரே? நாய்க்குட்டியையும் போனிலதான் எடுக்கினம், உன்னையும் போனிலயோ?”

“நோ அம்மா. ப்ளீஸ்.”

நான் கேட்டால்தானே! ஸ்பிரிங்வேலில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் இந்திரகுமாரிடம் போனேன். எங்கள் பக்கத்துக் கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாம் அவருடைய கமராவுக்குள்ளால்தான் போகும். ஒரு முழு நாள் எடுத்து, இரண்டு கிழமை வெட்டி ஒட்டி, பதினொரு நிமிட வீடியோ தந்தார். என்ன வடிவு! விடியற்காலைப் பனிக்குள் பிள்ளை மெல்ல மெல்ல நடந்து வருகிறான். மேலே ட்ரோன் சுற்றுகிறது. பந்து கையை விட்டு ஆறுதலாகக் கழன்று, அதன் சிவப்புத் தையல் ஒவ்வொன்றாகத் தெரியச் சுழன்று போகிறது. பின்னால் நாதஸ்வரம். நடுவில் அவன் குழந்தையாகத் தொட்டிக்குள் குளிக்கிற படம், நான் இடியப்பம் தீத்துகிற படம். கடைசியில் மேகத்துக்குள் அவனுடைய பெயர் தங்க எழுத்தில் வந்து நின்றது. நான் நாலு தரம் பார்த்து நாலு தரமும் அழுதேன்.

“அக்கா, அமெரிக்காக்காரன் ஆடிப் போவான்,” என்றார் இந்திரகுமார்.

அனுப்பினோம். ரொறன்ரோவில் இருந்து என் மச்சாள்கூட வீடியோவைப் பார்த்து அழுதுகொண்டு போன் எடுத்தாள். பதில் எட்டாம் நாள் வந்தது. மொத்தம் இரண்டு வரி. ‘இந்த வீடியோவை வைத்து எதையும் மதிப்பிட முடியவில்லை. பிள்ளைக்கு வாழ்த்துகள்.’

நிரோஜன்தான் வாசித்தான். பிறகு வீடியோவைப் போட்டு ஓடவிட்டுக் காட்டினான்.

“பாருங்கோ. பதினொரு நிமிசத்திலை ஒரு பந்துகூட நோர்மல் ஸ்பீட்ல இல்லை. எல்லாம் ஸ்லோ மோஷன். அவை எப்பிடி அம்மா ஸ்பீட் பாக்கிறது?”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். கணினியை மூடிவிட்டு அறைக்குள் போனான். நான் இந்திரகுமாருக்குப் போன் எடுத்து, வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்.

“அக்கா, கலியாண வீட்டிலை ஆரும் மாப்பிள்ளையின்ர வேகத்தைக் கேக்கிறேல்லையே,” என்றார் மனுசன்.

பிழை அவருடையது இல்லை. பிள்ளை தலைகீழாக நின்று சொன்னான், நான்தான் காது கொடுக்கவில்லை.

சரி, கெடுத்தவள்தானே சரிக்கட்ட வேண்டும். தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லக் குசினியில் மத்தியானச் சமையல் முடிந்ததும், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நின்று அந்த ஸ்கவுட்டுக்கு நானே எழுதினேன். ‘முதல் வீடியோ என் பிழை. மகன் வேண்டாமென்றுதான் சொன்னான். இன்றிரவுக்குள் சரியான வீடியோ வரும். இரண்டு நிமிடம் தந்து பாருங்கள். பிறகு உங்கள் விருப்பம்.’

பின்னேரம் மைதானத்துக்குப் புறப்படும்போதுதான் அடுத்த வில்லங்கம். பந்து பிடிக்க ஆளில்லை. அணியில் வழமையாகப் பிடிக்கிற பெடியன் குடும்பத்தோடு குயின்ஸ்லாந்துக்குச் சுற்றுலா போய்விட்டான். நானும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கதிரையில் இருந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரீகாந்தன் தொலைக்காட்சியை நிற்பாட்டினார். கராஜுக்குள் போய்த் தன்னுடைய பழைய விக்கெட் காப்பாளர் கையுறைகளைத் தூசி தட்டி எடுத்து வந்தார்.

“நான் பிடிக்கிறன். வாங்கோ,” என்றார்.

மூன்று வருடமாக மகனுடைய ஒரு போட்டிக்கும் வராத மனுசன்!

கம்பி வலைக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் இவர் குந்தியிருந்தார்.

“இஞ்சாருங்கோ, தலையைக் கொஞ்சம் சரியுங்கோ, பிள்ளை தெரியேல்லை.”

“சரிச்சால் பந்து காதிலை விழும். நீர் பேசாமல் எடும்.”

முதல் பந்து கையுறைக்குள் விழுந்த சத்தத்துக்கு இவர் “அம்மோய்” என்றார். அதுவும் பதிவாகிவிட்டது. நிறுத்தாமல் இருபது பந்து. பன்னிரண்டாவதிலிருந்து தொடர்ந்து மூன்று கோணலாகப் போயின. அதில் ஒன்று என் முகத்துக்கு நேரே வலையில் வந்து மோதியது. நான் வீரிட்டது அடுத்த சபேர்ப்வரை கேட்டிருக்கும். மற்றதெல்லாம் குறி தப்பவில்லை.

“மோனை, அந்த மூண்டையும் விட்டுட்டு இன்னொருக்கா எடுப்பம்.”

“நோ அம்மா. வாம்-அப்போட சேத்து முப்பது எறிஞ்சிட்டன். முப்பதுக்கு மேலை எறிஞ்சா கைக்கு ஒரு நாள் ஓய்வு குடுக்கவேணும், நாளைக்கு எறியேலாது.”

“அஞ்சே அஞ்சு...”

“நோ.”

எனக்கு வாயில் அரை மணித்தியாலப் பேச்சுத் தயாராக இருந்தது. ஆனால் அந்த இரண்டு வரி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு, கோணல் பந்து, இவருடைய ‘அம்மோய்’, என்னுடைய அலறல் எல்லாவற்றோடும் அப்படியே அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. சனிக்கிழமை எட்டு மணிக்கு வரட்டுமாம்.

சனிக்கிழமை லாவர்ட்டனில் நாற்பது பிள்ளைகள். ஒவ்வொருவனும் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைவிட உயரம். ஸ்கவுட் மெலிந்த மனுசர், தொப்பி போட்டு, பொலிஸ்காரர் வீதியில் பிடிக்கிற மாதிரி வேகம் பார்க்கிற கருவியோடு மடக்குக் கதிரையில் ஒரு கரையாக இருந்தார். எறிந்து முடித்த பிள்ளைகளிடம் சிலவேளை ‘இன்னும் ஐந்து’ என்பார். ஒருவரும் மறுக்கவில்லை. அவர் கேட்டுவிட்டாரே என்று ஓடிப்போய் எறிந்தார்கள். பெற்றோர்மார் வலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம்.

நிரோஜனுடைய முறை வந்தது. ஆறாவது பந்து போனதும் ஸ்கவுட் எழுந்தார். கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, பந்து பிடிப்பவனுக்கு நேர் பின்னால் வலையோடு போட்டுக்கொண்டு இருந்தார். ஸ்ரீகாந்தன் என் கையைப் பிடித்து நெரித்தார். என் பிள்ளை அந்த மனுசரின் கண்ணில் பட்டுவிட்டான்! முப்பதாவது பந்தும் போய் விழுந்தது.

“இன்னும் ஐந்து,” என்றார் ஸ்கவுட்.

நிரோஜன் பந்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

“சொறி சேர். முப்பது முடிஞ்சுது.”

ஐயோ, பாவி! அமெரிக்காவே வந்து வாசலில் நின்று ஐந்து பந்து கேட்கிறது, இவன் கணக்குச் சொல்கிறான்! ‘எறியடா!’ என்று கத்த வாயைத் திறந்தேன். ஸ்ரீகாந்தன் இன்னும் வீக்கம் வற்றாத உள்ளங்கையால் என் தோளை அமத்தினார்.

“ஏன்?” என்று கேட்டார் ஸ்கவுட். “கை நோகிறதா?”

“இல்லை சேர். இன்னும் எறிஞ்சால் நாளைக்கு எறியேலாது. நான் நாளைக்கும் எறியவேணும்.”

நாளைக்கு வா என்று அவனிடம் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. அது அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மனுசர் வேகக் கருவியைக் கீழே வைத்தார். பிறகு குறிப்புப் புத்தகத்தை மடியில் வைத்து எழுதினார். மற்ற எந்தப் பிள்ளைக்கும் அவர் அவ்வளவு நேரம் எழுதியதை நான் காணவில்லை.

“நாளை பத்து மணி,” என்றார். “துடுப்பு மட்டையோடு ஆட்கள் நிற்பார்கள். அவர்களுக்கு எறி.”

ஸ்ரீகாந்தன் எல்லோருக்கும் முன்னால் நின்று அழுதார். நானும்தான். வெட்கமென்ன வேண்டியிருக்கிறது?

கார் வெஸ்ற் கேற் பாலத்தில் ஏறும்போது, பின் இருக்கையில் இருந்த மகனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டேன்.

“காலமை என்ன சாப்பிடப் போறாய்? நான் விடியவே எழும்பிப் புட்டு அவிக்கிறன்.”

“வேண்டாம் அம்மா. ரோஸ்ற் காணும்.”

இப்படிப்பட்ட நாளில், தின்று தெம்பாகப் போகவேண்டிய பிள்ளைக்கு, வாட்டி எடுத்த காய்ந்த பாண் துண்டு! பதினாறு வருடமாக இவன் ‘வேண்டாம்’ என்றால் நான் இரண்டு மடங்கு வைத்துத்தான் பழக்கம்.

“சரி,” என்றேன். “எத்தினை ரோஸ்ற்?”