அக்காவின் குழியும் தங்கையின் கொடியும்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. அந்த ஓரத்தில் காற்று அடிக்கும், இந்தப் பக்கம் நகருங்கள். நம் ஊரில் பெதெரிக் தெரு என்று ஒன்று இருக்கிறதே, ரொட்டிக் கடையும் வங்கியும் இருக்கிற தெரு, அதற்கு நியாயப்படி டிரெசைஸ் தெரு என்றுதான் பெயர் வந்திருக்க வேண்டும். வராமல் போன கதையைச் சொல்கிறேன். பெரிய கதை இல்லை. ஒரு அக்காவின் வயிற்றெரிச்சல், அவ்வளவுதான்.

அப்போது தெருவே கிடையாது. டிங்கர்ஸ் ஃப்ளாட் என்று பெயர் வைத்திருந்த இந்த வெளி முழுக்கக் கூடாரங்களும், தோண்டிக் கொட்டிய வெள்ளை மண்குவியல்களும்தான். ஓடையில் தட்டை வைத்து அலசினால் தங்கம் மின்னிய நாட்கள் முடிந்திருந்தன. மிச்சத் தங்கம் ஆழத்தில் இருந்தது. எந்தக் காலத்திலோ ஓடி மண் மூடிப்போன ஒரு பழைய ஆறு அடியில் கிடந்தது. அதன் படுகையில்தான் தங்கம். அந்த ஆறு எங்கே வளைகிறது என்று மேலே நிற்கிற எவனுக்கும் தெரியாது. ஆகவே ஜனங்கள் வரிசையாக முளை அடித்து நிலம் பிடித்துக்கொண்டு, காலையில் பேருக்கு நாலு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, குழி ஓரத்தில் புகை பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துக் குழிக்காரன் தங்கத்தைக் கண்டால் தானும் தோண்டலாம். வெறும் களிமண்ணைக் கண்டால் முதுகாவது மிச்சம். இதற்கு ஆடு மேய்ப்பது என்று பெயர். ஆட்டைத்தான் காணோம்.

தங்கம் கண்டவன் மட்டும் அதை மறைக்கக் கூடாது. குழிமேல் சிவப்புக் கொடி ஏற்றியாக வேண்டும். கொடி ஏறிய மறுநிமிடம் சுற்றியிருப்பவர்களின் மேய்ச்சல் முடிந்தது. அதற்கப்புறம் ஞாயிறு நீங்கலாக ஒரு வேலைநாள் முழுக்க எந்தக் குழி சும்மா கிடந்தாலும் அடுத்தவன் வந்து தன் முளையை அடித்துக்கொள்ளலாம். சர்க்கார் கமிஷனர் குதிரைமேல் வந்து அதை உறுதி பண்ணிவிட்டுப் போவார்.

வில்மட் டிரெசைஸும் அவள் புருஷன் ஹன்னிபாலும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து முதலில் வந்தவர்கள். பிறகுதான் அவள் தங்கை கெசியாவும் அவள் புருஷன் டிகரியும் கப்பல் ஏறி வந்தார்கள். வில்மட் சுமாரானவள் இல்லை. கெட்டிக்காரி, உழைப்பாளி. ஆனால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தங்கை தட்டில் இருப்பதுதான் பெரிய துண்டாகத் தெரியும். அம்மா குங்குமப்பூ ரொட்டியைச் சரிபாதியாக வெட்டினாலும் கெசியா பக்கத்தில் திராட்சை அதிகம் என்பாள். வில்மட் வந்த கப்பலில் புயல், கெசியா வந்த கப்பலில் கடல் குளம் மாதிரி கிடந்ததாம். அதைக்கூட அவள் மன்னிக்கவில்லை.

நிலம் பிடிக்கும்போது வில்மட்தான் முதலில் தேர்ந்தெடுத்தாள். ஓடைப் பக்கத்து மண்ணைத் தனக்கு வைத்துக்கொண்டு, அதையொட்டிய மேட்டு நிலத்தைக் காட்டி, "இது உங்களுக்குப் போதும்" என்றாள் தங்கையிடம். ஓடைப் பக்கத்துக் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஹன்னிபால் பாதி நாள் தோண்டுவான், பாதி நாள் தண்ணீர் இறைப்பான். மேட்டுக் குழி காய்ந்த குழி. டிகரி விறுவிறுவென்று இறங்கினான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேட்டுக் குழிமேல் சிவப்புக் கொடி ஏறியது.

கெசியா மண் கையோடு ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, படுகை உங்க பக்கம்தான் சாயுதுன்னு அவர் சொல்றாரு. இன்னும் கொஞ்சம்தான். உங்க குழியிலயும் வந்துரும்."

"வரும் வரும்" என்றாள் வில்மட். "நீ அள்ளி மிச்சம் வெச்சா வரும்."

"ஏன்க்கா இப்படிப் பேசற?"

"நான் என்னடி பேசிட்டேன்? உனக்குக் குடுத்த மேடு, உனக்கு வெளஞ்சுது. என் கை ராசியான கை, அதத்தான் சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை கூடாரக் கோயிலில் எல்லோரும் கெசியாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். போதகர்கூட அவளைப் பார்த்துத் தலையசைத்தார். வில்மட் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பாட்டு முடிந்த பிறகும்.

திங்கட்கிழமை விடிகிற நேரம் வில்மட் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது, டிகரி தோளில் கோடாலியும் சில மரக்குச்சிகளுமாக மேற்கே குன்றைப் பார்த்து நடந்து போவதைக் கண்டாள். தங்கம் கண்ட மனுஷன், குழியை விட்டுவிட்டு விடியற்காலையில் குன்றுக்கு எதற்குப் போகிறான்?

கூடாரத்துக்குள் போய் ஹன்னிபாலை உலுக்கினாள். "ஏங்க, எழுந்திரிங்க. ஆறு நம்ம பக்கம் வரல. மேற்க போகுது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல, கண்ணால பாத்தேன். உங்க சகலை முளைக்குச்சிய எடுத்துக்கிட்டு குன்றுக்குப் போறாரு. நமக்கு 'உங்க பக்கம்தான் சாயுது'ன்னு தேன் தடவிட்டு, அவங்க அங்க எல்லை போடப் போறாங்க."

"டிகரி அப்படிப்பட்ட ஆளில்ல வில்மட். நம்ம குழியில தங்கத்துக்கு இன்னும் பத்துப் பன்னெண்டு அடிதான். இன்னிக்கு யாரும் தொடலன்னா அந்த நெட்டக்காலன் பெதெரிக் முளையோட வந்து நிப்பான்."

"பெதெரிக்க நெனச்சு பயப்படறீங்க, கூடப்பிறந்தவள நெனச்சு பயப்பட மாட்டேங்கறீங்க."

ஹன்னிபால் சண்டை போடத் தெரியாதவன். பூட்ஸை மாட்டினான்.

இருவரும் சுற்றுவழியாகக் குன்றின் பின்பக்கம் ஏறி, மூச்சிரைக்க முளை அடித்தார்கள். டிகரியை அங்கே காணோம். பள்ளத்தில் கோடாலிச் சத்தம் மட்டும் கேட்டது. குழிச்சுவர் சரியாமல் இருக்க அவன் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். தோளில் கொண்டுபோனது அதற்கான அளவுக் குச்சிகள். அது வில்மட்டுக்குத் தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். நடிக்கிறான் என்றிருப்பாள். நாள் முழுக்கத் தோண்டினார்கள். இடுப்பளவு போனதும் பாறை. பக்கத்தில் தோண்டினார்கள். அங்கேயும் பாறை. முளையை யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்று அன்றிரவு குன்றிலேயே படுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இறங்கி வந்தார்கள். வந்தால், அவள் குழிமேல், அவள் ராட்டினத்தின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு கெசியா நிற்கிறாள். வாளி மேலே வந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி இறக்கினாள். சுற்றிலும் மண் சேறாகக் கிடந்தது.

வில்மட் ஓடினாள். "அடியே, ஒண்ணு போதலையா உனக்கு? கொடி பறக்கற குழி ஒண்ணு, கொடி இல்லாத குழி ஒண்ணா?"

"அக்கா, மெதுவாப் பேசு. எங்க போன நேத்து? பெதெரிக் வந்து குழிய மூணு சுத்து சுத்திட்டான். அதான் நான்…"

"அதான் நீ பூந்துட்ட."

குழிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். நெட்டையான பெதெரிக் தோளில் நாலு முளையோடு ஏற்கெனவே அங்கேதான் நின்றிருந்தான். அவன் கெட்டவன் இல்லை கண்ணுகளா, காத்திருக்கத் தெரிந்தவன். கமிஷனரையும் அவனே வரவழைத்திருந்தான்.

கமிஷனர் குதிரையை விட்டு இறங்காமலே கேட்டார். "இந்தக் குழி நேத்து சும்மா கிடந்ததுன்னு பெதெரிக் சொல்றான். நீ கிடக்கலங்கற. நீ என்னம்மா செஞ்ச?"

"காலையிலேருந்து பொழுது சாயற வரைக்கும் தண்ணி எறச்சேன் ஐயா" என்றாள் கெசியா. "எங்க அக்காவுக்காக. அவங்க பேருல."

"பொம்பள தண்ணி எறச்சா வேலையாகுமா ஐயா?" என்றான் பெதெரிக்.

"எவர் கையா இருந்தாலும் வேலை வேலைதான், உடையவங்க பேருல நடந்திருந்தா" என்றார் கமிஷனர். வில்மட் பக்கம் திரும்பினார். "குழி உங்களுது. சொல்லுங்க. உங்க தங்கச்சி உங்களுக்காகத்தான் எறச்சாங்களா?"

ஹன்னிபாலுக்குப் புரிந்துவிட்டது. "வில்மட்" என்றான், தாழ்ந்த குரலில். கெசியா அக்காவின் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல். அது போதும், குழி அவர்களுடையது.

வில்மட்டுக்கு எதிரில் தெரிந்ததோ வேறு. தங்கைக்குப் பின்னால் காற்றில் அடித்துக்கொண்டிருந்த கொடி. சுற்றி நின்றவர்கள் கெசியாவைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதை. இப்போது ஆமாம் என்று சொன்னால், இந்தக் குழியில் தங்கம் வந்தாலும் அது கெசியா போட்ட பிச்சை என்று ஊர் சொல்லும். சாகும்வரை சொல்லும்.

"எனக்காகவா?" என்றாள். "இவளா? நான் இவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. இவ எனக்காக ஒரு சொட்டுத் தண்ணி எறச்சிருக்க மாட்டா. என் மண்ணத் திருட வந்தவ ஐயா இவ."

கெசியா கைப்பிடியை விட்டுவிட்டாள். ராட்டினத்தின் கயிறு ஆடியது.

"நல்லா யோசிச்சு சொல்றீங்களா?" என்றார் கமிஷனர்.

"கோயில்ல சொல்லச் சொன்னாலும் இதத்தான் சொல்வேன்."

கமிஷனர் கடிவாளத்தை இழுத்தார். "அப்போ உங்க வாயாலயே சொல்லிட்டீங்க, நேத்து உங்களுக்காக இந்தக் குழியில யாரும் வேலை செய்யல. தங்கச்சி இதத் தனக்குன்னும் கேக்கல. பெதெரிக், முளைய அடிச்சுக்கோ."

பெதெரிக் முதல் முளையை அடிக்கும் சத்தம் கேட்டபோதுதான் தான் என்ன சொன்னோம் என்பது வில்மட்டின் காதில் விழுந்தது. ஹன்னிபால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் நிற்பது மாதிரி நின்றான். தன் சம்மட்டி, தன் கயிறு, தன் வாளி எல்லாவற்றையும் அவனே எடுத்து ஓரமாக வைத்தான்.

பெதெரிக் அந்தக் குழியில் தங்கம் கண்டான். ஹன்னிபால் சொன்ன அதே பத்துப் பன்னிரண்டு அடிதான். குழி தீர்ந்த பிறகு அந்த இடத்திலேயே செங்கல் வைத்து விடுதி கட்டினான், அதிலிருந்து தெரு வளர்ந்தது. ஆச்சரியம் என்ன தெரியுமா, வில்மட்டுக்குப் பெதெரிக் மேல் துளி பொறாமை கிடையாது. அவன் குதிரைவண்டியில் போனால் நல்ல வண்டி என்பாள். கெசியா தொப்பியில் புது ரிப்பன் கட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்காது.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே டிகரி கூடாரத்து வாசலில் வந்து நின்றான். "அண்ணி, நாளைக்கு எங்க குழிக்கு வாங்க. அண்ணனும் வரட்டும், பங்குக்கு. கெசியாவால ராட்டினம் பிடிக்க முடியாது. கை ரெண்டும் தோல் உரிஞ்சு கிடக்கு."

வில்மட் வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஹன்னிபால் அதற்குள் "வர்றோம்" என்றான். அவன் வாழ்க்கையில் அவளுக்கு முந்திப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஆக மறுநாள் தங்கையின் ராட்டினத்தை அக்கா சுற்றினாள். தங்கையின் தங்கம் அக்காவின் கையால் மேலே வந்தது. கெசியா துணி சுற்றிய இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கவிழ்த்த தொட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, "கெசியாம்மா, கை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தராவது வில்மட்டின் கையைப் பற்றிக் கேட்கவில்லை. அவளுக்கு அந்தக் கட்டுத்துணி மேலேயே பொறாமை வந்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கெசியாவால் எதையும் பிடிக்க முடியவில்லை. இறைச்சியும் கிழங்கும் மடித்துச் சுட்ட பேஸ்ட்டியை வில்மட் பிய்த்து அவளுக்கு ஊட்டினாள். இரண்டு வாய் தின்ற பிறகு கெசியா கேட்டாள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

வில்மட் அடுத்த துண்டைப் பிய்த்தாள்.

"எனக்காகச் செய்வன்னு தோணவே இல்லடி. உன் இடத்துல நானா இருந்தா செஞ்சிருக்க மாட்டேன்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் கெசியா. வாயில் இருந்ததை மென்றாள். "மிளகு கம்மி."

"உன் வாய்க்கு எப்பவுமே கம்மிதான்" என்றாள் வில்மட், மிச்சத்தை ஊட்டியபடி.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் அக்கா தங்கைகள் ஒரே பானையில் ஆக்கி ஒன்றாக உண்ணட்டும். ஒருத்தி தட்டில் விழுவது இன்னொருத்திக்கும் ருசிக்கட்டும். உங்கள் கூரைக்குக் கீழே இருப்பவர் எல்லோரும் வயிறு குளிர்ந்து, மனம் குளிர்ந்து, நெடுங்காலம் இருங்கள்.