உத்தமன் வீட்டுக் கண்ணாடிக் கதவு

உத்தமன் தன் வீட்டுப் பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவைத் திறக்காமலேயே அதன் வழியாக வெளியே நடந்துபோனது ஐந்து வருடங்களில் மொத்தம் நான்கு முறை. நான்கு முறையும் கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை. கடைசிக் கதவுக்குக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த பத்து வருட உத்தரவாதம் இன்னும் செல்லுபடியாகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வீடு வங்காளத்துச் சாந்த்ராகாச்சியில், ரயில்வே யார்டை ஒட்டிய சந்தின் கடைசியில் இருந்தது. பின்னால் நாலு நாற்காலி போடுகிற அளவுக்கு ஒரு சிமெண்ட் தளம், அதைத் தாண்டி ஆள் நுழையும்படி கிழிந்த கம்பிவேலி, வேலிக்கு அந்தப்பக்கம் தண்டவாளங்கள். உத்தமன் முப்பத்து நான்கு வருடம் அந்த யார்டில் ஷண்டிங் என்ஜின் ஓட்டியவர். சரக்குப் பெட்டிகளை முன்னே தள்ளிப் பின்னே இழுத்துக் கோத்துவிடுகிற வேலை. நாள் முழுக்க வண்டி ஓட்டியும் எந்த ஊருக்கும் போய்ச்சேராத உத்தியோகம் என்று அவர் மனைவி அருக்காணி கிண்டல் செய்வாள். அத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூடச் சிவப்பு சிக்னலைத் தாண்டியதில்லை. ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம் மறதி வந்தது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது, பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பெயர், பிறகு ஓய்வுபெற்ற விஷயமே மறந்துபோயிற்று. பின்பக்கத்து மரக்கதவைத் திறந்து வைத்தால் டூட்டிக்கு என்று தண்டவாளத்துக்குப் போய்விடுவார். பூட்டி வைத்தால், யார்டு கண்ணில் படாத ஏக்கத்தில் சோற்றுத் தட்டைத் தொடமாட்டார். பதினெட்டு நாளில் பாதி ஆளானார். அந்த மனுஷன் பார்க்கவும் வேண்டும், போகவும் கூடாது, அதற்கு எங்கே போவேன் என்று அருக்காணி போனில் அழுதபோது, லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த மகள் கீதாஞ்சலிதான் கண்ணாடிக் கதவு போடலாம் என்றாள்.

பவானிபூரில் தத்தா பாபுவின் கண்ணாடிக் கடையில் தாயும் மகளும் ஒரு முழுப் பகலைச் செலவழித்தார்கள். மடக்குக் கதவு வேண்டாம், மடிப்பில் விரல் நசுங்கும். கீல் வைத்த இரட்டைக் கதவும் வேண்டாம், இழுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். மேலும் கீழும் பூட்டு வைத்த, பக்கவாட்டில் நகர்கிற கதவுதான் சரி என்று முடிவாயிற்று. கண்ணாடி, உலையில் சூடேற்றி இறுக்கிய டஃபன்டு கிளாஸ். ஒருமுறை இறுக்கிவிட்டால் பிறகு அரை நூல் அளவுகூட வெட்டமுடியாது, அளவு தப்பினால் தப்பினதுதான் என்று தத்தா பாபு எச்சரித்தார். அருக்காணிக்கு அளவைப் பற்றிக் கவலையில்லை. "மனுசன் இதத் தாண்டி வெளிய போயிருவாங்களான்னு கேளு கண்ணு" என்றாள். கீதாஞ்சலி வங்காளத்தில் கேட்டாள். தத்தா பாபு கண்ணாடியை விரல் முட்டியால் தட்டிக் காட்டி, சித்தி என்ற உரிமையில் அவளை மாஷிமா என்றழைத்து, நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்.

விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் கதவு வந்து பொருந்தியது. நிலைவாசல் இல்லாத கதவை அருக்காணி அதுவரை கண்டதில்லை. ஆனாலும் விடவில்லை, கீழே அலுமினியத் தடத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். உருளை சிக்கிக்கொள்ளும் என்று கதவு மாட்ட வந்த மிஸ்திரி துடைத்தெடுத்தார், அவர் போனதும் மறுபடி பூசினாள். உத்தமன் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போகிற பெட்டிகளை எண்ணிக்கொண்டே இரண்டு வேளையும் சாப்பிட்டார். அந்த ஒன்பது நாளும் அருக்காணி தன் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமாக இருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு உத்தமன் எழுந்தார், சட்டைப் பொத்தானைப் போட்டார், பூட்டிய கண்ணாடிக்குள் நுழைந்து அந்தப்பக்கம் வெளியே வந்தார். ஏழாம் லைனிலிருந்து அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்த யார்டு ஆட்கள், கதவைப் பூட்டி வைக்கக்கூடாதா மாஷிமா என்று கடிந்துகொண்டார்கள். பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. அதை அவர்களும் பார்த்தார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

"ஏனுங்க, எப்படிங்க போனீங்க?" என்று அருக்காணி கேட்டாள்.

"பச்ச விழுந்துச்சே புள்ள. பச்ச விழுந்தப்புறம் நின்னா கன்ட்ரோல்ல சும்மா உடுவாங்களா?"

மறுநாள் அதே பதினோரு மணிக்கு அவர் உட்கார்ந்த இடத்தில் அவள் உட்கார்ந்து பார்த்தாள். வெயில் சாய்ந்து விழுந்தபோது, நிறமே இல்லாத அந்தக் கண்ணாடியின் ஓரம் நல்ல பச்சையாக ஜொலித்தது. முப்பத்து நான்கு வருடம் டிரைவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள், கண்ணாடி வாங்கும்போது ஓரத்தைப் பார்க்கவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் அது தவறே இல்லை. அவள் செய்ததால் தவறு. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி பவானிபூர் போனாள்.

இரண்டாவது கதவு பழுப்பு நிறம். மழைக்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. கார்த்திகை மாதத்து மாலை வெயில் பட்டதும் பழுப்பு அசல் மஞ்சளாயிற்று. மஞ்சளுக்கு மெதுவாகப் போகவேண்டும் என்பது விதி, உத்தமனும் மெதுவாகத்தான் போனார். கண்ணாடியைக் கடக்க அரைமணி நேரம் ஆயிற்று. அருக்காணி பின்னாலிருந்து சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் சட்டை மட்டும், போட்ட பொத்தான் போட்டபடியே, அவள் கையில் இருந்தது. மூன்றாவதாக, இரும்புச்சத்தை நீக்கியதால் ஓரத்தில்கூட நிறம் தெரியாத கண்ணாடியைத் தத்தா பாபு வரவழைத்துக் கொடுத்தார். அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, காக்கை வந்து முட்டும். அவ்வளவு தெளிவாக இருந்ததால் யார்டின் நிஜ சிக்னலே வீட்டுக்குள் தெரிந்தது. அது ஒருநாள் பச்சையானபோது அவர் போனார், என்ஜின் ஒரு முழம் தள்ளி நின்றது. விழுந்ததில் கால் எலும்பில் விரிசல். யார்டு அதிகாரி வீடுதேடி வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அடுத்த தடவை பிரேக் பிடிக்கும் என்று என்னால் சொல்லமுடியாது அம்மா என்றார். நல்ல மனிதர், டீயைக்கூடக் குடிக்கவில்லை.

கால் கூடி அவர் எழுந்து நடக்கத் தொடங்கிய அன்று அருக்காணி பெட்டியைத் திறந்து தன் கூறைச்சேலையை எடுத்தாள். கல்யாணத்தன்று கட்டிய சிவப்புப் பட்டு. அதைக் கண்ணாடியின் மேல்பாதியில் குறுக்காகக் கட்டினாள். உத்தமன் வந்தார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

சிவப்பில் நிற்கிற டிரைவர் என்ஜினைவிட்டு இறங்கக்கூடாது. ஆகவே அவர் உட்காரவில்லை, படுக்கவில்லை. ஊட்டினால் நின்றபடி நாலு வாய் வாங்கிக்கொண்டார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் நின்றபடியே கண்ணயர்ந்தார். சேலையை அவிழ்க்கக் கை வைத்தால் உடம்பு முன்னால் சாய்ந்தது, விட்டால் நிமிர்ந்தது. கீதாஞ்சலியும் மருமகனும் தூக்கிக் கட்டிலில் கிடத்திப் பார்த்தார்கள், அடுத்த நிமிடம் கண்ணாடி முன்னால் நின்றார். ஐந்தாம் நாள் பாதங்கள் வீங்கின, எட்டாம் நாள் தோல் வெடித்து நீர் கசிந்தது. அவர் கோபப்படவில்லை, அதுதான் அருக்காணிக்குத் தாங்கவில்லை.

"அருக்காணி, இன்னும் எத்தன நேரமாம்? கன்ட்ரோல்ல கேட்டுப் பாரேன்."

அவள் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். "கேட்டேனுங்க. இன்னுங் கொஞ்ச நேரம் ஆகுமாம்."

"செரி. கேட்டுக்கிட்டே இரு."

பதினோரு நாளில் அவள் எத்தனை முறை கேட்டாளோ, கணக்கில்லை. பன்னிரண்டாம் நாள் பகல் இரண்டு மணிக்குக் கீதாஞ்சலிக்குப் போன் செய்து, அவரை அனுப்பிவிடப்போவதாகச் சொன்னாள். வேண்டாம் அம்மா, நான் வருகிறேன், இப்போதே பஸ் ஏறுகிறேன், அதுவரைக்கும் எதையும் தொடாதே என்று மகள் கத்தினாள். "நின்னே சாவறாரு கண்ணு" என்று சொல்லி அருக்காணி போனை வைத்தாள். அவருக்கு முகம் கழுவி, தலை சீவி, சட்டை மாற்றினாள். வெடித்த பாதங்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். பிறகு கூறைச்சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் பச்சை நூல் சேலையைக் கட்டினாள். முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

"லைன் குடுத்துட்டாங்களுங்க."

உத்தமன் அவளைப் பார்த்தார். மறதி வந்தபிறகு அவர் அவளை அப்படிப் பார்த்தது அந்த ஒருதரம்தான். சிவப்பு எது, பச்சை எது, கட்டியது யார் என்பதெல்லாம் தெரிந்த பார்வை. "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இந்த முறை யாரும் அழைத்துக்கொண்டு வரவில்லை. யார்டில் விசாரித்தார்கள், கேமராவில் தேடினார்கள். அன்று பகல் எந்த லைனிலும் எவரும் இறங்கவில்லை, எந்த என்ஜினும் பிரேக் போடவில்லை. சிமெண்ட் தளத்தில் எண்ணெய்ப் பாதத் தடம் ஆறு இருந்தது, ஏழாவது இல்லை. கீதாஞ்சலி வந்து சேர்ந்தபோது அருக்காணி கண்ணாடி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் போலவே இவளும் நடந்து பார்த்திருக்கிறாள். இவளுக்கு அது வெறும் கண்ணாடிதான், நெற்றி வீங்கியிருந்தது. தத்தா பாபு சொன்னபடி மனுஷரால் தாண்ட முடியாத கண்ணாடி.

வீக்கம் நாலு நாளில் வடிந்தது. முட்டிய இடத்தில் ஒட்டிய குங்குமத்தை மட்டும் அவள் துடைப்பதில்லை, வெள்ளிக்கிழமைகளில் அதைச் சுற்றித் துடைக்கிறாள். வெளிப்பக்கத்திலும் ஒரு பச்சைச் சேலை கட்டியிருக்கிறாள், திரும்பி வருகிறவருக்கும் சிக்னல் வேண்டும் அல்லவா. வெளியே இருப்பது வெயில் பட்டு வருடத்துக்குள் வெளிறி மஞ்சளாகத் தொடங்கிவிடும். அதற்குள் கீதாஞ்சலி லேக் மார்க்கெட்டிலிருந்து புதுசு ஒன்று வாங்கி வந்துவிடுகிறாள். எதற்கு என்று கேட்பதில்லை, நல்ல பச்சையாகப் பார்த்து எடுக்கிறாள்.